உப்பிலிருந்து குளோரின்: கடற்கரை ஊர்க் குடிநீர்த் தொட்டிகளில் எழும் கோளாறுகளை அறிகுறி வழியே கண்டறிதல்

இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி முதல் நரிப்பையூர் வரையிலான பல ஊர்களில் ஒரே மேல்நிலைத் தொட்டிக்குள் இன்று ஒரு நீரும் நாளை வேறொரு நீரும் ஏறுகின்றன. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் அது ஏறும். வராத நாளில் ஊர்க் கிணற்று நீரோ, ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரோ, லாரியில் வந்து இறங்கும் நீரோ ஏறும். இத்தகைய தொட்டிகளுக்குக் கீழே உள்ள மோட்டார் அறையில், உப்பையும் தண்ணீரையும் மின்சாரத்தையும் மட்டுமே கொண்டு குளோரின் கரைசலைத் தயாரிக்கும் சிறு மின்பகுப்புக் கருவியை இயக்குவோருக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. கருவியின் கையேடுகள் பெரும்பாலும் கருவியைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் இந்தக் கரையில் எழும் கோளாறுகளில் பெரும்பகுதி கருவிக்கு வெளியே, உப்பிலும் நீரிலும் கம்பி முனையிலும் குழாயிலும்தான் இருக்கிறது. ஆகவே குழாயடியில் தொடங்கிப் பின்னோக்கி வந்து கடைசியில் கலத்தை, அதாவது மின்தகடுகள் உள்ள மின்பகுப்புப் பாத்திரத்தை, திறப்பதே இங்கே பின்பற்றப்படும் முறை.

கருவி சரியாக இயங்கும்போது கிடைக்கும் எண்கள் கையில் இல்லாவிட்டால் கோளாறு எது என்று சொல்ல முடியாது. லிட்டருக்கு 28 முதல் 30 கிராம் உப்பு கரைந்த நீரில் நேர்திசை மின்சாரத்தைச் செலுத்தும்போது நேர்மின்வாயில் குளோரினும், எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் காரமும் உண்டாகின்றன. குளோரினும் காரமும் அதே கலத்துக்குள் சேர்ந்து சோடியம் ஹைப்போகுளோரைட் ஆகின்றன. ஹைட்ரஜன் மட்டும் குமிழாக வெளியேறுகிறது. இவ்வாறு கிடைக்கும் கரைசலில் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் குளோரின் இருக்கும். 10 லிட்டர் கரைசல் தயாரிக்க ஏறத்தாழ 300 கிராம் உப்பும் 350 வாட் மணி மின்சாரமும் செலவாகும். லிட்டருக்கு 7 கிராம் என்று வைத்துக்கொண்டால், 30,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் கலக்க எட்டரை லிட்டர் கரைசல் போதும். அதே வேலைக்கு 33 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 180 கிராம் தேவைப்படும். ஆனால் கடற்காற்றில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் அந்த 33 சதவீதம் சில வாரங்கள் கூட நிலைப்பதில்லை என்பதால்தான் இந்தக் கருவிக்கே தேவை எழுந்தது.

குழாயில் இருக்க வேண்டிய அளவை இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 வரையறுக்கிறது. பயன்படுத்துவோர் பிடிக்கும் இடத்தில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய தனிக் குளோரின், அதாவது வேறு எதனோடும் சேராமல் மீந்து நிற்கும் குளோரின், இருக்க வேண்டும். வைரஸ் தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு தேவைப்படும்போது அது 0.5 ஆக உயர வேண்டும். வேறு நீர் கிடைக்காத நிலையிலும் 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

தொட்டியில் குளோரின் காட்டுகிறது. கடைக்கோடித் தெருக் குழாயில் காட்டவில்லை

அதிகமாக வரும் முறையீடு இதுதான். கருவியின்மீது தவறாகப் பழி விழுவதும் இதில்தான். முதலில் நேரத்தைப் பாருங்கள். குளோரின் கலந்த பிறகு குறைந்தது 30 நிமிடம் நீர் தொட்டியில் நின்றிருக்க வேண்டும்; கலந்த உடனே வால்வைத் திறந்துவிட்டால் தொட்டியின் ஒரு பகுதியில் மட்டும் மிகுந்த குளோரினும் மற்றப் பகுதியில் ஒன்றுமில்லாத நீரும் இருக்கும். கரைசலைத் தொட்டி நிரம்பிய பின் மேலே ஊற்றுவதைவிட, நீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே விழும் தாரையில் சேரும்படி விடுவது நல்லது.

நேரம் சரியாக இருந்தும் கடைசிக் குழாயில் குளோரின் இல்லை என்றால், வழியில் எதுவோ அதை உண்கிறது. அது நீரா, குழாயா என்று பிரித்தறிய ஒரு வாளியும் ஊசி மருந்துக் குழலும் போதும். குளோரின் கலக்காத மூலநீரை 10 லிட்டர் வாளியில் பிடித்து, கரைசலில் 3 மில்லிலிட்டர் சேர்த்துக் கலக்கி, மூடி நிழலில் வையுங்கள். இது லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு. அரை மணி நேரம் கழித்தும், பிறகு சில மணி நேரம் கழித்தும் எஞ்சிய குளோரினைச் சோதியுங்கள். வாளியிலேயே குளோரின் சரிந்துவிட்டால் குற்றம் நீரில்: இரும்பு, மாங்கனீசு, அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடு, அம்மோனியா, கலங்கலில் உள்ள கரிமப் பொருள் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ அதை உண்கின்றன. கரைந்த இரும்பு ஒரு மில்லிகிராமுக்கு 0.64 மில்லிகிராம் குளோரின் செலவாகும். மாங்கனீசுக்கு ஏறத்தாழ அதைப் போல் இரு மடங்கு. வாளியில் குளோரின் நிற்கிறது, குழாயில் மட்டும் இல்லை என்றால் குற்றம் குழாயில்.

மூலநீர் மாறும் நாளில் இந்த வாளிச் சோதனையை மறுபடி செய்வது கட்டாயம். காவிரி நீருக்குப் பொருந்திய அளவு கிணற்று நீருக்குப் பொருந்தாது. கிணற்று நீருக்குப் பொருந்திய அளவைக் காவிரி நீரில் ஊற்றினால் வாடை தாங்காமல் மக்கள் தெருவோர ஊற்று நீரைத் தேடிப் போவார்கள். பலகையில் ஒரே ஓர் அளவை எழுதி மாட்டிவிட்டு, ஆண்டு முழுவதும் அதையே ஊற்றுவது இந்தக் கரைக்கு ஏற்ற முறையன்று. ஒவ்வொரு நீருக்கும் ஓர் அளவு என எழுதி மாட்டலாம்.

குழாய்வழிக் குற்றத்தைத் தேடும்போது, அழுத்தம் குறைந்த தெருக்களில் குழாயை எட்டிப் பிடிப்பதற்காகத் தோண்டப்பட்ட குழிகளை முதலில் பாருங்கள். குடம் வைக்க இறங்கும் அந்தக் குழியில் மழைநீரும் குடம் கழுவிய நீரும் தேங்கி நிற்கும். நீர் விடுவதை நிறுத்தியதும் குழாய்க்குள் உண்டாகும் வெற்றிடம் அதை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். குடிநீர்க் குழாயில் நேரடியாகப் பொருத்திய அடிபம்பும், வீட்டு மோட்டாரும் இதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். எவ்வளவு குளோரின் கலந்தாலும் இதை ஈடுகட்ட முடியாது. குழியை மேடாக்கி, குழாயை உயர்த்தி, கசிவை அடைத்த பிறகே அளவைக் கூட்டுவது பற்றி யோசிக்க வேண்டும்.

கருவியைப் போட்டால் ஆம்பியர் ஏறவில்லை

மின்னழுத்தம் இருக்கிறது, ஆம்பியர் முள் மட்டும் ஏறவில்லை என்றால், கலத்தைத் திறப்பதற்கு முன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது உப்பு. கரைசலில் உப்பு குறைந்தால் மின்சாரம் பாயாது. கைப்பிடியால் அளந்து போடும் இடங்களில், பெருங்கல் உப்பு ஒரு பிடிக்கும் தூள் உப்பு ஒரு பிடிக்கும் எடை வேறு என்பது மறந்துபோகும். மளிகைக் கடைத் தராசில் 300 கிராம் நிறுத்து, பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொள்வது எளிது. உப்பள வேலை அறிந்தவர்கள் ஊரில் இருந்தால் உப்புநீரின் அடர்த்தியை அளக்க அவர்கள் வைத்திருக்கும் டிகிரி மானியையே பயன்படுத்தலாம்: நமக்கு வேண்டிய கரைசல் 3 டிகிரிக்கு அருகில் நிற்கும், அதாவது கடல்நீரைவிடச் சற்றே இளைத்தது. உப்பு முழுவதும் கரையாமல் அடியில் கிடந்தாலும் இதே அறிகுறி தோன்றும்.

இரண்டாவது கம்பி முனைகள். கடலிலிருந்து வரும் காற்று செம்பு முனைகளில் பச்சைக் களிம்பை விரைவில் ஏற்றிவிடும். கருவியின் உள்ளிருந்து கசியும் குளோரின் ஆவி அதை இன்னும் விரைவாக்கும். முனை வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் திருகுக்கு அடியில் களிம்பு இருக்கலாம். கருவி ஓடும்போது, மல்டிமீட்டரால் ரெக்டிஃபையரின் (ஊர் மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக மாற்றும் பெட்டியின்) வெளிமுனைகளில் ஒரு முறையும் கலத்தின் முனைகளில் ஒரு முறையும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் இடையிலுள்ள கம்பியோ இணைப்போ கெட்டிருக்கிறது. கையால் தொட்டால் சுடும் இணைப்பே பெரும்பாலும் குற்றவாளி. மின்சாரத்தை நிறுத்தி, கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசி மூடுங்கள்.

மூன்றாவது ஊரின் மின்னழுத்தம். மாலையில் எல்லா வீடுகளிலும் மோட்டார் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்கும். எளிய ரெக்டிஃபையர் அதற்கேற்பத் தானும் இறங்கிவிடும். காலையில் சரியாக ஓடி மாலையில் மட்டும் படுத்துக்கொள்ளும் கருவியில் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. இயக்கும் நேரத்தை மாற்றினால் போதும்.

இம்மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே கலத்தைத் திறக்கலாம். தகடுகளில் வெண்படிவு இருந்தால் கீழே சொல்லியபடி நீக்குங்கள். படிவு இல்லாமலும் ஆம்பியர் ஏறவில்லை என்றால் இரண்டு வாய்ப்புகள் உண்டு. நேர்மின்வாய் என்பது டைட்டானியத் தகட்டின்மேல் ருத்தேனியம், இரிடியம் முதலிய உலோகங்களின் ஆக்சைடைப் பூசி ஆக்கப்படுவது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் பாடுபட்ட பொருள்களுள் இத்தகைய கரையா மின்வாயும் ஒன்று. அந்தக் கரும்பூச்சு தேய்ந்துபோனால் அடியிலுள்ள டைட்டானியம் மின்சாரம் பாய்ச்சாத ஆக்சைடுத் தோலைத் தானே போர்த்திக்கொள்ளும். இரண்டாவது வாய்ப்பு, பழுது பார்த்தபோது கம்பிகளை இடம் மாற்றி இணைத்திருப்பது. பூச்சில்லாத தகடு நேர்மின்வாயாகிவிட்டால் சில நிமிடங்களில் ஆம்பியர் சரிந்து ஏறத்தாழ இல்லாமலே போகும். நேற்று வரை நன்றாக ஓடிய கருவி, ஒருவர் கை வைத்த பிறகு படுத்துவிட்டது என்றால் முதலில் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். இரு பக்கமும் பூச்சுள்ள, திசை மாறி மாறி இயங்கும்படி வடிவமைத்த கலங்களுக்கு இது பொருந்தாது.

ஆம்பியர் மிகுதியாக ஏறுகிறது. கரைசல் கைக்குச் சுடுகிறது

உப்பு கூடியிருக்கலாம், அல்லது முன்பு தயாரித்த கரைசலை முழுதும் வடிக்காமல் அதன்மேலேயே புது உப்பைப் போட்டிருக்கலாம். தகடுகளுக்கிடையே படிவுச் சில்லு சிக்கி இரண்டையும் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஆம்பியர் தாவும். அப்போது முள் நிலையாக நிற்காமல் துடிக்கும்.

வெப்பத்தை இங்கே தனியாகக் கவனிக்க வேண்டும். கத்தரி வெயிலில் கூரைத் தொட்டியிலிருந்து பிடித்த நீரே வெதுவெதுப்பாக இருக்கும். மின்பகுப்பு அதன்மேல் மேலும் சூடேற்றும். கரைசல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உண்டான ஹைப்போகுளோரைட்டின் ஒரு பகுதி குளோரேட்டாக மாறும். குளோரேட் கிருமியைக் கொல்லாது. குடிநீரில் சேரக் கூடாத பொருளும் ஆகும். உலக நலவாழ்வு நிறுவனம் அதற்கு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்ற வழிகாட்டு அளவை வைத்திருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு நேரத்தில் இயக்குவதும், மண்பானையிலோ நிழலிலோ இருந்த நீரைப் பயன்படுத்துவதும் செலவில்லாத தீர்வுகள்.

ஆம்பியர் சரியாக இருக்கிறது. கரைசலில் வீரியம் இல்லை

முதலில் வீரியத்தை அளந்து பாருங்கள். மணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்த நீர், அதாவது எல்லாரும் ஆர்.ஓ. தண்ணீர் என்று சொல்வது, 10 லிட்டர் எடுத்து அதில் கரைசல் ஒரு மில்லிலிட்டர் சேர்த்துக் கலக்கிச் சோதியுங்கள். அந்த நீரில் குளோரினை உண்ணும் பொருள் ஏதும் பெரிதாக இராது என்பதால், காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் கரைசலில் லிட்டருக்கு எத்தனை கிராம் என்பது கிடைத்துவிடும். 0.7 காட்டினால் 7 கிராம், 0.3 காட்டினால் 3 கிராம். வாளி அழுக்காக இருந்தால் அதுவே குளோரினை உண்ணும். முன்கூட்டியே குளோரின் நீரால் அலசிக்கொள்ளுங்கள்.

வீரியம் உண்மையில் குறைவு என்றால் நேரத்தைக் கணக்கிடுங்கள். ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓரிணைத் தகடுகளுக்கிடையே பாய்ந்தால் கொள்கையளவில் 1.32 கிராம் குளோரின் உண்டாக வேண்டும். நடைமுறையில் அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் கருவி நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். மின்தடையால் இடையில் நின்று, பிறகு நேரங்காட்டி மட்டும் ஓடி முடிந்திருந்தால் பாதிக் கரைசலே ஆகியிருக்கும்.

அடுத்தது சேமிப்பு. வெளியொளி புகும் வெள்ளைக் கேனில், சன்னலோரத்தில் வைத்த கரைசல் பொழுதுக்குப் பொழுது இளைக்கும். கறுப்பு அல்லது நீலக் கேனில், நிழலில், வாயுவெளியேறச் சிறு துளையுள்ள மூடியோடு வையுங்கள். இரும்பு, செம்பு, துத்தநாகம் பூசிய வாளிகளில் ஊற்றவே கூடாது. அவ்வுலோகங்கள் ஹைப்போகுளோரைட்டைச் சிதைக்கும். இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் தயாரிப்பது கருவியின் நோக்கத்துக்கும் பொருந்தும். பத்து கேன் நிரப்பி வைப்பதானால் பிளீச்சிங் பவுடர் மூட்டையே போதுமே.

தகடுகளில் வெண்மையான படிவு. கரைசலில் வெள்ளைச் செதில்

எதிர்மின்வாயில் காரம் உண்டாவதால், நீரிலும் உப்பிலும் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அங்கேயே படிகின்றன. இந்தக் கரையில் அவை இரு வழியாகவும் வருகின்றன.

உப்பைப் பற்றி உப்பள மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். வாலிநோக்கம் போன்ற இடங்களில் உப்பு விளைவது பாத்திநீர் ஏறத்தாழ 25 டிகிரியைத் தொடும்போது. 29, 30 டிகிரிக்குப் போன கசப்புநீரை வடிக்காமல் வாரிய உப்பில் மக்னீசியம் மிகுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டறிய ஆய்வகம் வேண்டாம்: ஒரு கிண்ணத்தில் இரவு முழுதும் திறந்து வையுங்கள், நீர் கசிந்து நனைந்திருந்தால் அந்த உப்பு கலத்துக்கு ஆகாது, நாக்கில் வைத்தாலும் கசக்கும். கடைத் தூள் உப்பில் இந்தக் குறை குறைவு. ஆனால் கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள்கள் கலங்கலை உண்டாக்கும். நன்கு வடித்துக் கழுவிய, உலர்ந்த, வெண்மையான கல் உப்பே என் தேர்வு.

நீரைப் பொறுத்தவரை, உப்பு கரைப்பதற்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். அரைக் கேன் நீருக்கு ஆகும் செலவு, படிவை நீக்கும் அமிலத்துக்கும் அதனால் குறையும் தகட்டின் ஆயுளுக்கும் ஆகும் செலவைவிட மிகக் குறைவு. சிலர் கடல்நீரையே நேரடியாக ஊற்றினால் உப்புச் செலவு மிச்சம் என்று கேட்பதுண்டு. கடலோர அனல்மின் நிலையங்களில் குளிர்விப்புக் குழாயில் சிப்பி படியாமலிருக்கக் கடல்நீரை மின்பகுப்பது உண்மைதான். அது யாரும் குடிக்கும் நீரன்று. லிட்டர் கடல்நீரில் 1.3 கிராம் மக்னீசியமும் 0.4 கிராம் கால்சியமும் உள்ளன; ஏறத்தாழ 65 மில்லிகிராம் புரோமைடும் உள்ளது. மின்பகுப்பில் புரோமைடிலிருந்து புரோமேட் உண்டாகும். அதற்கு உலக நலவாழ்வு நிறுவனம் வைத்துள்ள அளவு லிட்டருக்கு வெறும் 0.01 மில்லிகிராம். குடிநீர்த் தொட்டிக்குக் கடல்நீர் வேண்டாம்.

படிந்துவிட்ட படிவை நீக்கும் முறையில் வரிசை முக்கியம். மின்சாரத்தைத் துண்டியுங்கள். கலத்திலுள்ள கரைசலைக் கடைசிச் சொட்டு வரை வடித்து, வெறும் நீரால் இரு முறை அலசுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு அமிலத்தை ஊற்றினால் மிஞ்சியிருக்கும் ஹைப்போகுளோரைட்டிலிருந்து குளோரின் வாயு உடனே கிளம்பும். மூடிய மோட்டார் அறையில் அது உயிருக்கே ஆபத்து. அலசிய பின், கதவையும் சன்னலையும் திறந்து வைத்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரைப்பது அடங்கும் வரை தகடுகளை ஊறவிடுங்கள். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். கழிப்பறை ஆசிட் பாட்டில்களில் நிறமும் மணமும் வேறு பொருள்களும் சேர்ந்திருக்கும் என்பதால் அவை வேண்டாம். அமிலம் கையாள அஞ்சுபவர்கள் வினிகரில் ஓர் இரவு ஊறவைக்கலாம். நேரம் ஆகும், வேலை முடியும். கம்பித் தூரிகை, கத்தி, உப்புத்தாள் எதையும் தகட்டின் அருகே கொண்டுபோகக் கூடாது, கரும்பூச்சு மெல்லியது. மறுபடி நன்றாக அலசிய பிறகே உப்புக்கரைசலை ஊற்ற வேண்டும்.

கலத்தில் படிவே இல்லை, ஆனால் கரைசல் குழாயில் இறங்கும் முனை மட்டும் அடைத்துக்கொள்கிறது என்றாலும் காரணம் இதுவே. காரத்தன்மையுள்ள கரைசல் கடினநீரைத் தொடும் இடத்தில் சுண்ணாம்பு படியும். அந்த முனையைக் கழற்றி வினிகரில் போடுங்கள். கரைசலை அளந்து செலுத்தும் டோசிங் பம்ப் சத்தம் போட்டும் கரைசல் இறங்கவில்லை என்றால், உறிஞ்சு குழாயில் வாயுக் குமிழ் தங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது

வாடை அடிக்கிறது என்றால் குளோரின் அதிகம் என்று அளவைக் குறைப்பதே எல்லாரும் செய்வது. பல நேரங்களில் அது தவறான திசை. நீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் அதனோடு சேர்ந்து குளோரமின்களாகிறது. கண்ணை எரிக்கும் அந்த வாடை தனிக் குளோரினுடையதன்று, கட்டுண்ட குளோரினுடையது. அதன் கிருமிநாசினி ஆற்றலும் மிகக் குறைவு. குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்கும் டி.பி.டி. சோதனை மாத்திரைகளுள் முதல் மாத்திரையில் வரும் எண் தனிக் குளோரின். மூன்றாம் மாத்திரையையும் சேர்த்த பின் வரும் எண் மொத்தக் குளோரின். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் உண்மையிலேயே அளவு கூடியிருக்கிறது, குறைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் மிகுந்து தனி மிகக் குறைவாக இருந்தால் அம்மோனியாவைத் தேடுங்கள்.

அம்மோனியா நைட்ரஜன் எவ்வளவோ அதைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு குளோரின் சேர்த்தால்தான் அது முற்றிலும் சிதைந்து, பிறகு சேர்ப்பது தனிக் குளோரினாக நிற்கும். லிட்டருக்கு அரை மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் உள்ள கிணற்றுக்கு அதற்காக மட்டும் 5 மில்லிகிராம் வரை குளோரின் போகும். அவ்வளவு ஊற்றுவது தீர்வன்று. மீன் இறங்குதளத்தின் கழிவோ, கழிப்பறைக் குழியோ, மாட்டுக் கொட்டிலோ கிணற்றருகே இருக்கிறது என்பதே அந்த எண் சொல்லும் செய்தி. மணற்பாங்கான இந்தக் கரையில் கழிவுநீர் விரைவாக இறங்கும். கிணற்றை மாற்றுங்கள், அல்லது கழிவை மாற்றுங்கள்.

குளோரின் கலந்த பின் நீர் மஞ்சளாகவோ கறுப்பாகவோ மாறுகிறது

ஆழ்துளைக் கிணற்றில் தெளிவாகக் கரைந்திருந்த இரும்பு மஞ்சட்பழுப்பாகவும், மாங்கனீசு கறுப்பாகவும் வெளிப்படுகின்றன. குளோரின் அவற்றை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது. நீரைத் தூவி விழச்செய்து காற்றேற்றி, தேங்கவிட்டு, மணல் வடிகட்டி வழியே விட்ட பிறகு குளோரின் கலந்தால் நிறமும் வராது, குளோரினும் வீணாகாது. கலங்கல் 5 அலகுக்கு மேல் இருக்கும் நீரில் எந்த முறையில் தயாரித்த குளோரினும் நம்பத்தக்கதன்று.

சோதனைக் குப்பியில் நிறமே வரவில்லை

குளோரின் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் குப்பியை உற்றுப் பாருங்கள். டி.பி.டி. மாத்திரை போட்டதும் ஒரு கணம் இளஞ்சிவப்பு மின்னி மறைந்தால், குளோரின் அளவுக்கு மீறி இருந்து சாயத்தையே வெளுத்துவிட்டது என்று பொருள். ஒரு பங்கு நீரைப் பத்துப் பங்காக நீர்க்கச் செய்து மறுபடி சோதியுங்கள். மாத்திரைப் பட்டை கிழிந்து ஈரம் ஏறியிருந்தாலும் நிறம் வராது.

குளோரினைச் சோதிக்கும் பழைய குளோரோஸ்கோப் பெட்டிகளில் மஞ்சள் நிறம் தரும் ஆர்த்தோடொலிடின் திரவம் இருக்கும். அது உடலுக்குத் தீங்கானது. தனிக் குளோரினையும் கட்டுண்ட குளோரினையும் தெளிவாகப் பிரித்தும் காட்டாது. கைவிடுவதே நல்லது.

குடிநீர் உப்புக் கரிக்கிறது. கருவியில் போடும் உப்பா?

இல்லை. எட்டரை லிட்டர் கரைசலில் போன உப்பு முழுவதும் அப்படியே தொட்டியில் சேர்ந்தாலும் ஏறத்தாழ 250 கிராம்தான். 30,000 லிட்டரில் அது லிட்டருக்கு 8 மில்லிகிராம். நாக்குக்கு அது தெரியாது. கரிப்பு மூலநீரிலிருந்து வருவது. இந்தக் கருவி கிருமியைக் கொல்லுமே தவிர உவர்ப்பை நீக்காது என்பதைக் கருவியை நிறுவும் நாளிலேயே ஊராருக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாத இடங்களில் ஏமாற்றம் கருவியின்மீது திரும்பிவிடுகிறது.

கருவி அறையில் நெடி. அல்லது சிறு வெடிப்பொலி

உடனே மின்சாரத்தை அறைக்கு வெளியிலிருந்து நிறுத்துங்கள்; அறைக்குள் சுவிட்சைத் தட்டினால் அங்கே தோன்றும் பொறியே போதும். 10 லிட்டர் கரைசல் தயாராகும்போது ஏறத்தாழ 25 லிட்டர் ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பற்றும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. நெடி வருவது உடன் கசியும் குளோரினால். ஹைட்ரஜன் மேலே போகும் என்பதால், வெளியேற்றுக் குழாய் கூரையைத் தாண்டி வெளியே முடிய வேண்டும். அறையின் உச்சியில் மூட முடியாத திறப்பும் வேண்டும். அந்தக் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று மாதந்தோறும் பாருங்கள். பீடி, விளக்கு, கொசுவர்த்தி எதுவும் அந்த அறைக்குள் கூடாது.

எஞ்சிய குளோரின் சரியாக இருக்கிறது. ஆனாலும் ஆய்வகம் கிருமி இருப்பதாகச் சொல்கிறது

நூறு மில்லிலிட்டரில் ஈ. கோலை ஒன்று கூட இருக்கக் கூடாது என்பது தர நிர்ணயம். ஆகவே இந்த முடிவைத் தள்ளிவிட முடியாது. நீரின் காரத்தன்மையை முதலில் பாருங்கள். கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம், பி.எச். 7.5 அளவில் தனிக் குளோரினில் பாதி அந்த வடிவில் இருக்கும், 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்குதான். எண் ஒன்றாக இருந்தாலும் வேலை ஒன்றாக இராது. அத்தகைய நீருக்கு நிற்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

அடுத்து, தொட்டியின் அடியில் சேறு படிந்திருந்தாலும், மூடி உடைந்து காக்கையும் புறாவும் இறங்கினாலும், மேலே மிதக்கும் குளோரின் எண்ணுக்கும் அடியில் நடப்பதற்கும் தொடர்பு இராது. தொட்டியைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துத் தேதி எழுதும் வழக்கம் பல ஊர்களில் தேதியோடு நின்றுவிடுகிறது.

கடைசியாக, மாதிரி எடுத்த முறை. குழாய் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்டு, ஆய்வகம் தந்த கிருமிநீக்கிய குப்பியிலேயே பிடிக்க வேண்டும். அந்தக் குப்பிக்குள் சிறிதளவு சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள்; அது பிடித்த கணத்தில் குளோரினை முறித்து, வழியெல்லாம் அது கிருமியைக் கொன்றுகொண்டே வருவதைத் தடுக்கும். உள்ளே தூசு என்று எண்ணி அதைக் கழுவிவிடக் கூடாது. பிடித்த குப்பியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கூடுமானால் 6 மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். குளிர்பானப் பாட்டிலில் பிடித்து வெயிலில் பேருந்தில் கொண்டுபோன மாதிரிக்கு வரும் முடிவு, நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும், கருவியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மாதிரியை மறுபடி எடுங்கள்.